ஷஃபீனாவின் ஷாஃப்டும் பள்ளிவாசல் ஏசியும்

கல்பிட்டி,
12.06.2016

அன்பின் ஷஃபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மாவும் வீட்டுக் கோழிகளும் சுகமாக இருக்கிறோம். நகோயாவில் தனியாக நோன்பு பிடிக்கும் உனக்கும் அவன் சுகத்தைத் தர வேண்டும் என்று ஒவ்வொரு சஹருக்கும் கேட்கிறோம்.

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று நீ கேட்பாய். நீ கோல் எடுத்தால் மாமி உடனே அதை ஸ்பீக்கரில் போடுகிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் ரம்ஸியா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கிறாள். ஒரு மனிசன் பெண்சாதியிடம் கதைக்க வேண்டியதை இத்தனை பேர் முன்னால் எப்படிக் கதைப்பது? அதுதான் தபால் கந்தோருக்கும் கொஞ்சம் வேலை கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் ஆறுதல். நீ அனுப்பிய படம் கிடைத்தது. ஏசிக் கொம்ப்ரஸருக்குள் சுழலும் ஷாஃப்ட் என்ற இரும்புத் தண்டு ஓடும்போது எப்படி வளைகிறது என்று கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் உன் ஆராய்ச்சி என்பது எனக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு வளையும் என்று நான் நினைக்கவில்லை. வாழைப்பழம் மாதிரி வளைந்து நிற்கிறது. மேலே சிவப்பு, பிறகு மஞ்சள், பச்சை, கீழே போகப் போக நீலம். சிவப்பைக் கண்டதும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

இத்தனை வருடமாக இந்தக் கரையில் ஏசி திருத்துகிறேன். ஆனாலும் கொம்ப்ரஸர் என்பது மூடி ஒட்டிய இரும்புக் குடுவை. பழுதானால் அப்படியே கழற்றிவிட்டுப் புதிதை வைப்போமே தவிர, வெட்டித் திறந்து உள்ளே பார்ப்பதில்லை. ஷாஃப்டின் முகத்தை நான் பார்த்ததே உன் படத்தில்தான். பார்த்த முதல் முகம் இப்படி ஆகிவிட்டது. படத்துக்குக் கீழே நீ, அல்ஹம்துலில்லாஹ், அழகாக வந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். என் மனது நோகக் கூடாது என்றுதான் அப்படி எழுதினாய் என்று விளங்கிக்கொண்டேன். மனதைத் தளர விடாதே. ஜப்பான் இரும்பும் இரும்புதானே, அதுவும் வளையும். உன்னை யாரும் ஏசினார்களா? ஏசினால் எனக்கு எழுது.

மாமிக்குப் படத்தைக் காட்டாமல் இருந்திருக்கலாம். சின்ன வயதில் நீ கதிரையில் ஒழுங்காக இருக்க மாட்டாயாம், ஆட்டி ஆட்டியே கதிரைக் கால்களை உடைத்தவளாம், அந்த நாட்டு ஆட்களின் சாமானையும் அப்படித்தான் செய்திருப்பாயாம். இதைச் சொல்லிவிட்டு அழுதார். அழுதுவிட்டு யாஸீன் ஓதினார். தலவில அன்னம்மாள் கோயிலடியில் ஐஸ்கிறீம் விற்கும் அனஸ்தாசியா அக்காவின் பிரீஸருக்கு காஸ் அடிக்கப் போனபோது அவருக்கும் படத்தைக் காட்டினேன். அவர் நெஞ்சில் கைவைத்து, உன் ஷாஃப்ட் நேராக வேண்டும் என்று அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்துவிட்டார். நல்ல மனது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ போன வாரம் கேட்டதை நான் மறக்கவில்லை. இந்தப் படிப்பு செப்டம்பரில் முடிகிறது, அதோடு நிறுத்தாமல் இன்னும் மூன்று வருடம் இருந்து கலாநிதிப் பட்டம் முடிக்கச் சொல்லிப் பேராசிரியர் கேட்கிறார், பெருநாள் முடிந்த கையோடு பதில் சொல்ல வேண்டும், மச்சான் ஓம் என்றால் இருப்பேன், இல்லை என்றால் வருவேன் என்றாய். நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஷாஃப்ட் இந்த நிலைமையில் இருக்கும்போது அந்தக் கதை இனி எழாது என்று நினைக்கிறேன். எல்லாம் நன்மைக்குத்தான். நீ வருவதற்குள் நம் அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். என்ன நிறம் என்று எழுது. சிவப்பு மட்டும் வேண்டாம்.

வேலை பரவாயில்லை. காற்றுக் காலம் என்பதால் பட்டம் கட்டிக் கடலில் பலகையில் ஓடும் வெள்ளைக்காரர்களால் ஹோட்டல்கள் நிறைந்திருக்கின்றன. உப்புக் காற்று ஏசிகளைத் தின்கிறது, அதில் நாங்கள் தின்கிறோம். நம் பள்ளிவாசலில் புது ஏசி ஒன்று இரவுத் தராவீஹ் தொழுகை நேரம் கடகடவென்று சத்தம் போடுகிறதாம். பள்ளித் தலைவர் நெய்னார் மரைக்கார் நாளைக்கு வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

உன் கவலையில் பங்குகொள்ளும்,
இஸ்ஸதீன்


கல்பிட்டி,
27.06.2016

அன்பின் ஷஃபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சிரித்து முடித்துவிட்டாயா?

என் கடிதம் கிடைத்து நீ எடுத்த கோலில் பாதி நேரம் சிரித்தாய். மீதி நேரம் விளங்கப்படுத்தினாய். உள்ளதை உள்ளபடி காட்டினால் கண்ணுக்கே தெரியாதாம். அதனால் கணினி வளைவைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டுமாம். உண்மையான வளைவு ஒரு தலைமயிரின் பருமன் அளவுகூட வராதாம். சிவப்பு என்றால் ஆபத்து இல்லையாம், மற்ற இடங்களை விட அந்த இடம் கூட நகர்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாம். எத்தனை மடங்கு என்பது படத்தின் மூலையில் எழுதியிருக்கிறதாம். மூலையில் எழுதினால் யார் வாசிப்பது? கடன்காரன் கண்ணில் படாமல் மறைப்பது மாதிரி அல்லவா எழுதியிருக்கிறார்கள்.

மயிரளவுக்குக் குறைந்த வளைவுக்கு இவ்வளவு பெரிய படிப்பா என்று நான் கேட்டது உனக்குக் கொஞ்சம் சுட்டது போல இருந்தது. அதற்கும் விளக்கம் சொன்னாய். மாமி நடுவில் ஸ்பீக்கரில் புகுந்து, பல்லை ஒழுங்காகத் தீட்டுகிறாயா என்று கேட்டதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. பிறகு நீ அதையே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினாய். அதைப் பலமுறை வாசித்தேன். மாமிக்கும் எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். கதிரைக் கால் விஷயத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அனஸ்தாசியா அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை, மெழுகுதிரி ஏற்கெனவே எரிந்துவிட்டது.

இனி, சிரித்துக்கொண்டிருந்த உன்னிடம் என்னால் சொல்ல முடியாமல் போன விஷயத்துக்கு வருகிறேன். உன் படத்தால் ஊரில் ஒரு மனிதரின் மானம் போய்விட்டது. உன் படத்தால் என்று எழுதியது பிழை. என் வாயால்.

பள்ளியின் இரண்டு ஏசியையும் தந்தவர் பதுர்தீன் ஹாஜியார். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்து, கருவாட்டு வியாபாரத்தில் மெல்ல மெல்லக் கால் ஊன்றியவர் என்பது உனக்குத் தெரியும். மௌத்தாகிப் போன தன் உம்மா சாரா உம்மாவின் பெயரில் நோன்புக்கு முன்னால் இரண்டையும் பூட்டிக் கொடுத்தார்.

நான் போனபோது லுஹர் தொழுகை முடிந்து நோன்பாளிகள் ஏசிக் காற்றில் படுத்திருந்தார்கள். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன பழுது தம்பி என்று ஒருவர் கேட்டார். அந்த இடத்தில் ஸ்குரூட்றைவரை எடுத்திருந்தால் நான் மனிசன். போனை எடுத்தேன். என் பெண்சாதி ஜப்பானில் இதைத்தான் படிக்கிறா என்று நாலு பேருக்குக் காட்டும் ஆசை. ஏசிக்குள் இப்படி ஒரு கொம்ப்ரஸர் இருக்கிறது, அதன் ஷாஃப்ட் இப்படி வளையும் என்று படத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். இந்த ஏசியின் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் வாழைப்பழம், காதுக்குள் கடகட. அவர்களே கூட்டிக் கழித்துக்கொண்டார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி வாங்க வாளியோடு வந்தவர்கள், ஹாஜியார் தந்த ஏசியின் ஷாஃப்ட் வளைந்துவிட்டதாம் என்று கொண்டுபோனார்கள். இரவு அது, வளைந்த ஏசியைத்தான் தந்தாராம் என்று ஆனது. அடுத்த நாள் மீன் வாடியடியில், கொழும்பில் கழித்துப்போட்ட சாமானாம் என்றார்கள். சிலாபம் மீன் சந்தைக்குப் போய் வந்த ஒருவர், ஏசிக்குள் கொம்ப்ரஸரே இல்லையாம் என்று எனக்கே சொன்னார். உன் கணினியை விட எங்கள் ஊர் நன்றாகப் பெருக்கும்.

ஹாஜியார் ஒருவரிடமும் சண்டைக்குப் போகவில்லை. நம் பள்ளிக்கு வருவதை நிறுத்தினார். கரைத்தீவுப் பக்கம் போய்த் தொழுகிறார் என்று கேள்விப்பட்டேன். நோன்புக்கு முன்பே ஒவ்வொரு நாள் கஞ்சிக்கும் ஒவ்வொரு வீடு பெயர் கொடுப்பது நம் வழக்கம் அல்லவா, இருபத்தேழாம் நோன்புக் கஞ்சி எப்போதும் அவருடையது. இந்த முறை வேறு யாரையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆள் அனுப்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். ஏசுவார் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் நல்லது. கதிரையைப் போட்டு உட்கார வைத்தார்.

"உம்மாட பேர்ல குடுத்த சாமான் தம்பி" என்றார். பிறகு, "இத்தினை வருஷமா இந்த ஊர்ல ஒருத்தரும் ஒரு வளைவு சொல்ல விடாமத்தான் இருந்தனான்" என்றார்.

இங்கே பிறந்த என்னைப் பற்றி ஊர் நூறு சொல்லும், நானும் துடைத்துப் போட்டுவிட்டுப் போவேன். அவருக்கு அது அப்படியில்லை என்று எனக்கு முதலே தெரிந்திருக்க வேண்டும்.

அங்கிருந்து நேரே பள்ளிக்குப் போய், முதல் நாள் செய்ய வேண்டியதை அன்று செய்தேன். வெளியே சுவரில் இருக்கும் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். ஏசிக்கு ஒரு குறையும் இல்லை, தங்கம் மாதிரி ஓடுகிறது. கள்ளர் கழற்றிக்கொண்டு போகாமல் இருக்க அதைச் சுற்றி இரும்புக் கூடு ஒன்று அடித்திருக்கிறார்கள். கூட்டின் கம்பி ஏசியின் தகரத்தில் தொட்டுக்கொண்டு நிற்கிறது. ஏசி ஓட ஓட அது கடகடவென்று அடிக்கிறது. இடையில் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டிச் செருகினேன். சத்தம் நின்றது.

நின்றதும் எனக்கு வேறு பயம் வந்தது. கூட்டில் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறது: அன்பளிப்பு, நெய்னார் மரைக்கார். ஹாஜியாரைத் தூக்கினால் தலைவரை விழுத்த வேண்டும். தலைவர் தன் தென்னந்தோப்பில் ஒரு தேங்காய் அழுகல் என்று சொன்னாலே ஒரு கிழமைக்குக் கதைக்காதவர். என்ன செய்வது என்று தெரியாமல் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உன் ஷாஃப்ட் நன்றாக இருப்பதால் அந்த மூன்று வருடக் கதையும் மறுபடி எழுந்துவிட்டது. அதற்குப் பதில் எழுதுவேன். இன்றைக்கு இடம் முடிந்துவிட்டது.

வெட்கத்துடன்,
இஸ்ஸதீன்


கல்பிட்டி,
07.07.2016

அன்பின் ஷஃபீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஈத் முபாரக். நேற்றுப் பெருநாள் கோலில் நீ கேட்காமல் கேட்டதும், நான் கேளாதது மாதிரி வட்டலப்பத்தின் இனிப்பைப் பற்றிக் கதைத்ததும் இரண்டு பேருக்கும் தெரியும். ஆகவே இன்று எழுதி முடித்துவிட்டுத்தான் எழும்புவேன்.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட கையோடு நான் நெய்னார் மரைக்காரிடம் போய்க் கூட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் கறுத்தது. ஏசி நன்றாக இருக்கிறது என்று தாராளமாகச் சொல், சத்தத்துக்குக் காரணம் காற்று என்று சொல், கூட்டை இழுக்காதே என்றார். காற்றுக் காலம்தானே, முழுப் பொய்யும் இல்லை என்று நானும் ஒத்துக்கொண்டேன். ஹாஜியாரிடம் போய், அஸருக்கு மட்டும் நம் பள்ளிக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். வந்து கடைசி வரிசையில் நின்றார்.

தொழுகை முடிந்தது. கஞ்சிக் கிடாரம் வாசலில் ஆவி பறக்க இருந்தது, சனம் வாளியோடு வரிசையாக நின்றது. மைக்கை வாங்கினேன். வெளி ஸ்பீக்கரும் வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியாது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. நான் காட்டிய படம் பள்ளி ஏசியின் படம் இல்லை, என் பெண்சாதி கணினியில் செய்தது, அந்த வளைவும் கண்ணுக்குத் தெரிவதற்காகப் பல ஆயிரம் மடங்கு பெருக்கியது, உண்மையில் மயிரளவும் இல்லை, ஹாஜியார் தந்த ஏசி அருமையான ஏசி, பிழை என் வாயில் என்று சொன்னேன். சத்தத்துக்குக் காற்றுதான் காரணம் என்று சொல்ல வாயைத் திறந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு கிழவர் குறுக்கே விழுந்தார். மயிரளவும் இல்லாத வளைவுக்கு உன்ட பெண்சாதி ஏன் அங்கே குந்திக்கொண்டிருக்கிறா, வந்து உனக்குக் கஞ்சி காய்ச்சலாமே என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்துச் சமாளித்திருப்பேன். அந்தக் கேள்வியை நானே உன்னிடம் கேட்டவன். ஆனால் அவர் கேட்கும்போது எனக்குப் பிடிக்கவில்லை. நீ எழுதி அனுப்பியதை அப்படியே சொல்லத் தொடங்கினேன். ஷாஃப்ட் அதைத் தாங்கும் இரும்பு வளையத்துக்குள் சுழலும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணெய்ப் படலம் நிற்கிறது, அந்தப் படலம் மயிரை விடவும் எவ்வளவோ மெல்லியது. காஸ் அமுக்கும்போது ஷாஃப்ட் இத்தனூண்டு வளைந்தாலும் அந்த இடத்தில் எண்ணெய் ஒதுங்கி இரும்பு இரும்பில் உரசும். உரசினால் கொம்ப்ரஸர் செத்துவிடும். செத்ததைக் கழற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவன் நான். சாமான் செய்வதற்கு முன்பே அந்த வளைவைக் கண்டுபிடிக்கிறவள் அவள். பார்க்கச் சின்ன வளைவுதான், ஆனால் நிற்கிற இடம் அவ்வளவு ஒடுக்கம் என்று சொன்னேன்.

சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்த்துவிட்டேன். ஹாஜியார் தலையைக் குனிந்திருந்தார். ஒடுக்கமான இடத்தில் நிற்கிறவர் அவரும்தான் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் வாளியை நீட்டவில்லை. அப்போது நெய்னார் மரைக்கார் எழும்பி வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். எனக்கு இடுப்புச் சாரம் நழுவுவது மாதிரி இருந்தது.

"சத்தம் என்ட கூட்டுல. ஹாஜியார்ர ஏசியில இல்ல" என்றார்.

அவர் தன் பிழையைத் தானே சொல்லி இந்த ஊர் கேட்டதில்லை. மைக்கை என்னிடம் தந்துவிட்டு, கஞ்சி ஆறுது என்று எல்லாருக்கும் ஏசினார், அதில்தான் எங்களுக்கு நிம்மதி வந்தது. ஹாஜியார் எழும்பிப் போய் அவர் கையைப் பிடித்தார். என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. இருபத்தேழாம் நோன்புக் கஞ்சியை ஹாஜியார்தான் கொடுத்தார். இறைச்சி அவ்வளவு இருந்தது, அதைக் கஞ்சி என்று சொல்வதா கறி என்று சொல்வதா என்று வரிசையில் வழக்கு நடந்தது.

வீட்டுக்கு வந்தால் மாமி வாசலிலேயே நிற்கிறார். முழுவதையும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறார். அந்தக் கதிரைக் கால்களைக் கறையான் அரித்திருக்கவும் கூடும் என்றார். அவர் வாயிலிருந்து இதை விடப் பெரிய பட்டம் உனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் தராது.

ஷஃபீனா, உன் படத்தைப் பார்த்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது என்று எழுதினேன். அது உண்மை. ஆனால் பயத்தில் மட்டும் அடிக்கவில்லை. ஷாஃப்ட் வளைந்துவிட்டது, இனி இவள் வந்துவிடுவாள் என்று எனக்குச் சந்தோஷம் வந்தது. ஆறுதல் கடிதம் எழுதிய கைதான் பெயின்ட் கடையில் விலையும் விசாரித்தது. நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இழுத்ததும் அதனால்தான். இல்லை என்று எழுத மனம் இடம் தரவில்லை, ஓம் என்று எழுதக் கை வரவில்லை.

இப்போது ஊருக்கே மைக்கில் சொல்லிவிட்டேன். அங்கே ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் வேறொன்று சொல்ல முடியாது. பேராசிரியரிடம் ஓம் என்று சொல். மூன்று வருடமும் இருந்து முடி. ஊர் என்ன கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு இப்போது பழகிவிட்டது.

இதைச் சந்தோஷமாக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. நேற்றுப் புதுச் சாரமும் சேட்டும் போட்டுக்கொண்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்க ஆள் இல்லாமல் கோழிக்கூட்டடியில் போய் நின்றேன். மாமி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அறைக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. அந்தக் காசை எடுத்துக்கொண்டு அடுத்த கிழமை பாஸ்போட்டுக்குக் கொடுக்கப் போகிறேன். எப்போது உன்னிடம் வரக் கிடைக்கும் என்று தெரியாது. பட்டம் கட்டி ஓடும் காலம் முடிந்தால் ஹோட்டல் வேலை குறையும், அப்போது பார்க்கலாம்.

அல்லாஹ் உன் அறிவையும் உடம்பையும் பாதுகாக்கட்டும், உன் பேராசிரியருக்கு நல்ல குணத்தைக் கொடுக்கட்டும், உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கும் கடலைச் சின்னதாக்கட்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நீ இருக்கிற அறையில் ஏசி இருக்கிறதா? இருந்து, அது சத்தம் போட்டால் அந்த நாட்டு ஆட்களைக் கூப்பிட்டுத் தொட விட்டுவிடாதே. நான் வந்து பார்க்கும் வரைக்கும் பொறுத்துக்கொள். சத்தம் ஒன்றும் இல்லாவிட்டாலும் இருக்கிறது என்று எழுது.

உன்,
இஸ்ஸதீன்